பிறகு சேர்த்த திரை

ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தைக் கணினியில் நிறுவும்போது, வட்டைப் பிரிக்கும் கட்டம் வருவதற்கு முன்பே நிறுவல் நிரல் ஒரு கேள்வி கேட்கிறது: திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ அமைப்பை ஓட்டும் எண்ணம் உண்டா? இல்லை என்று சொல்லி, அதற்குரிய தொகுப்புகளையும் விட்டுவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. எழுத்துத் திரையை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கணினி அஞ்சல் அனுப்பும், வலைத்தளம் பரிமாறும், தீச்சுவராக நிற்கும். பின்னால் மனம் மாறினால் நான்கு தொகுப்புகளை இறக்கி விரித்துக்கொண்டால் போதும். ஃபிரீபிஎஸ்டியிலும் டெபியனிலும் வழிமுறைதான் வேறு, சங்கதி ஒன்றே. விண்டோஸிலும் மேக்கிலும் பழகியவருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். அவருக்குத் திரையில் விரியும் மேசைதான் கணினி. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், இந்த இயங்குதளங்களுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் பழைய காலத்துச் சரக்கு, படம் காட்டும் திரை வருவதற்கு முன்பே பிறந்துவிட்டது, அதனால் வரைகலையைப் பின்னால் ஒட்டவேண்டியதாயிற்று என்பது. இதில் பாதிதான் உண்மை. பின்னால் வந்ததற்கு வயது காரணமாக இருக்கலாம். வந்த பிறகும் நாற்பது ஆண்டுக்காலப் பழக்கமாக அது தனியாகவே வைக்கப்பட்டிருப்பதற்கு வயதைக் காரணம் காட்ட முடியாது. அந்தக் காரணத்தை 1980களில் யார் எதற்காகப் பணம் கொடுத்தார்கள், யார் யாரை நம்பவில்லை என்பதில் தேடவேண்டும் என்பது என் வாதம்.

முதலில் அந்தப் பாதி உண்மையைப் பார்த்துவிடலாம். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது மனிதனுக்கும் கணினிக்கும் நடுவில் இருந்தது டெலிடைப் 33 என்ற தட்டச்சு இயந்திரம். நொடிக்கு 10 எழுத்து, அதுவும் காகிதத்தில். 1978இல் டிஜிட்டல் நிறுவனத்தின் விடி100 போன்ற கண்ணாடித் திரை முனையங்கள் வந்தபோதும் கணக்கு எழுத்துக் கணக்காகவே இருந்தது. 80 எழுத்து அகலம், 24 வரி, மொத்தம் 1,920 எழுத்து. 9,600 பாட் வேகத் தொடர்கம்பியில் நொடிக்குச் சுமார் 960 எழுத்து போகும். ஒரு முழுத் திரை 2 நொடியில் நிரம்பிவிடும். அதே கம்பியில் 1024க்கு 768 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை அனுப்பினால் 98,304 பைட். நூறு நொடிக்கு மேல் ஆகும். ஒரு விண்டோவை நகர்த்திவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வரலாம். ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆல்டோ 1973இலேயே புள்ளித் திரையைக் காட்டியது உண்மை. ஆனால் ஆல்டோ ஒருவருக்கு ஒரு கணினி என்ற ஆடம்பரத்தின்மேல் நின்றது. யூனிக்ஸின் பெருமையே ஒரு கணினியைப் பல பேர் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது. ஆகவே பெல் ஆய்வகத்தில் ராப் பைக்கும் பார்ட் லோகாந்தியும் 1982இல் பிளிட் என்ற புள்ளித் திரையைச் செய்தபோது, அதற்குள்ளேயே ஒரு 68000 செயலியையும் நினைவகத்தையும் வைத்து, விண்டோ வரையும் வேலையை முனையத்திடம் தள்ளினார்கள். வரைகலையின் பாரத்தை மையக் கணினி சுமக்காது என்ற ஏற்பாடு எக்ஸுக்கு முன்பே யூனிக்ஸ்காரர்களின் பழக்கத்தில் இருந்தது.

இனி எக்ஸ். 1983இல் எம்ஐடி, டிஜிட்டல், ஐபிஎம் மூன்றும் சேர்ந்து அதீனா திட்டத்தைத் தொடங்கின. வளாகம் முழுக்க மாணவர்களுக்குக் கணினி கொடுப்பது நோக்கம். பொறியியல் துறைகளுக்கு டிஜிட்டலின் இயந்திரம், மற்றவற்றுக்கு ஐபிஎம்முடையது என்று பங்கு பிரிந்தது. இரு நிறுவனங்களும் சந்தையில் எதிரிகள், இயந்திரங்களும் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. மாணவர் எழுதும் நிரலோ இரண்டிலும் ஓடவேண்டும். அதே எம்ஐடியின் கணினி அறிவியல் ஆய்வகத்தில், ஆர்கஸ் என்ற பகிர்வுக் கணிமைத் திட்டத்தில் வேலைசெய்துகொண்டிருந்த பாப் ஷைஃப்லருக்கு வேறொரு தேவை: பல கணினிகளில் ஒரே நேரத்தில் ஓடும் நிரலைப் பிழைதிருத்த, அவற்றின் வெளியீடுகளை ஒரே திரையில் பல விண்டோக்களில் பார்க்கவேண்டும். ஸ்டான்ஃபோர்டில் பால் அசென்டேயும் பிரையன் ரீடும் எழுதிய டபிள்யூ என்ற விண்டோ அமைப்பின் நிரல் கைக்குக் கிடைத்தது. அதைப் பெரிதும் எடுத்தாண்டு, சில வாரங்களில் புதியதொன்றை எழுதி, 1984 ஜூனில் சக ஊழியர்களுக்கு அறிவித்தார். அகரவரிசையில் அடுத்த எழுத்தே பெயராயிற்று. அதீனாவில் இருந்த ஜிம் கெட்டிஸ் சேர்ந்துகொண்டார். டபிள்யூவில் ஒரு கோடு வரையச் சொன்னால் வரைந்தாயிற்று என்ற பதில் வரும்வரை நிரல் காத்திருக்கும். எக்ஸில் கட்டளைகளை வரிசையாக அனுப்பிவிட்டு நிரல் தன் வழியே போகலாம். இந்தச் சின்ன மாற்றத்தால்தான் நிரல் ஒரு கணினியிலும் திரை இன்னொரு கணினியிலும் இருப்பது பொறுத்துக்கொள்ளும் வேகத்துக்கு வந்தது. நிரலுக்கும் திரைக்கும் நடுவில் ஓடுவது ஒரு நெறிமுறை மட்டுமே. அந்த நெறிமுறை பேசத் தெரிந்தால் போதும், அந்தப் பக்கம் டிஜிட்டலா ஐபிஎம்மா என்று யாரும் கேட்கவேண்டியதில்லை.

இது தற்செயலான வடிவம், நன்றாக எழுதப்பட்ட எதுவும் அந்த இடத்தைப் பிடித்திருக்கும் என்று சொல்பவர்களுக்கு, எக்ஸோடு போட்டியிட்டவற்றின் கதியைக் காட்டலாம். சன் நிறுவனத்தின் சன்வியூ நிரலர்களுக்குப் பிடித்தமானது. அதில் விண்டோக்கள் இயங்குதளத்தின் உள்மையமான கர்னலுக்குள் இருந்த சாதனக் கோப்புகளாகவே நடத்தப்பட்டன, வேகமும் கிடைத்தது. ஆனால் சன்னின் கர்னல் இல்லாமல் அது இல்லை. வேறு நிறுவனம் அதை எடுத்தாள வேண்டுமானால் தன் கர்னலைச் சன்னின் கர்னலைப்போல் திருத்தவேண்டும். எந்தப் போட்டியாளர் அதற்குச் சம்மதிப்பார்? அடுத்து ஜேம்ஸ் காஸ்லிங்கும் டேவிட் ரோசன்தாலும் உருவாக்கிய நியூஸ் வந்தது. போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் வரைவது, நிரலின் ஒரு துண்டையே திரைப்பக்கம் அனுப்பி அங்கேயே ஓட்டுவது என்று எக்ஸைவிட ஒரு தலைமுறை முன்னால் நின்ற சரக்கு. அதுவும் சன்னின் உரிமத்தில் இருந்தது. எக்ஸை எம்ஐடி யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, விற்கலாம் என்று விட்டிருந்தது. பணிநிலையச் சந்தையைச் சன்னிடம் இழந்துகொண்டிருந்த டிஜிட்டலுக்கு, எல்லாருக்கும் பொதுவான ஒன்று நிலைபெறுவது சன்னின் தனிச்சொத்து நிலைபெறுவதைவிட எவ்வளவோ மேல். அதனால்தான் எக்ஸின் 11ஆம் பதிப்பை எழுதும் உழைப்பில் பெரும்பங்கைத் தன் ஊழியர்களைக் கொண்டே செய்து, எதிரிகளும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தது. 1987 செப்டம்பரில் அது வெளிவந்தது. 1988 ஜனவரியில் எம்ஐடியில் எக்ஸ் கூட்டமைப்பு அமைந்தது. ஒருவர் கர்னலை ஒருவர் தொடவிடாத நிறுவனங்கள் கூடி நிற்கக்கூடிய இடம் கர்னலுக்கு வெளியில்தான் இருந்தது. எக்ஸ் அங்கே நின்றது. பொறியியல் அழகில் அது வென்றது என்று அதன் அபிமானிகள்கூடச் சொல்வதில்லை.

பொதுவாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. விண்டோ எப்படி இருக்கவேண்டும், பொத்தான் எந்த மூலையில், மெனு எங்கே விழவேண்டும் என்பதில் எக்ஸ் வாய்திறப்பதில்லை என்று அதன் ஆசிரியர்கள் முடிவெடுத்தார்கள். வரையும் வழியைத் தருவோம், வழக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தத்துவமாகப் போற்றுபவர்கள் இருக்கிறார்கள். சண்டைக்காரர்களை ஒரே அறையில் உட்காரவைக்க வேறு வழியில்லாத சமரசம் என்றே எனக்குப் படுகிறது. பயனர் அதற்குக் கொடுத்த விலையை எக்ஸ்டெர்ம் என்ற முனைய நிரலின் நகர்பட்டையில் இன்றும் பார்க்கலாம். அது விண்டோவின் இடப்பக்கம் இருக்கும். மவுஸின் இடப் பொத்தானை அழுத்தினால் உரை ஒரு திசையில் நகரும், வலப் பொத்தானை அழுத்தினால் எதிர்த்திசையில். பட்டையைப் பிடித்து இழுக்க நடுப் பொத்தான். பட்டையின் எந்த உயரத்தில் அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து எவ்வளவு நகரும் என்பது மாறும். பக்கத்து விண்டோவில் மோட்டிஃப் என்ற வேறொரு வழக்கத்தில் எழுதிய நிரல் ஓடினால் அங்கே பட்டை வலப்பக்கம், விதி வேறு. அதற்கும் அடுத்ததில் சன்னின் ஓபன் லுக் என்றால் பட்டையே ஒரு கயிற்றில் ஏறும் மின்தூக்கி. மோட்டிஃபுக்கும் ஓபன் லுக்குக்கும் நடந்த போர் 1993இல் நிறுவனங்கள் ஒரு பொது டெஸ்க்டாப்புக்கு ஒத்துக்கொள்ளும்வரை நீண்டது. அதற்குள் விண்டோஸ் ஊரைப் பிடித்துவிட்டது. 1994இல் வந்த யூனிக்ஸ் வெறுப்பாளர் கையேடு எக்ஸுக்கென்றே ஒரு அத்தியாயத்தை ஒதுக்கித் திட்டியது. திட்டியதில் பெரும்பகுதி நியாயம். தனியாக வைத்தது நல்லதாக முடிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தனியாக வைக்காவிட்டால் எல்லாருக்கும் பொதுவான எதுவுமே இருந்திருக்காது என்பதைத்தான் சொல்கிறேன்.

தனியாக இருந்ததன் ஆதாயம் அந்த நிறுவனங்கள் எதிர்பார்க்காத இடத்தில் விளைந்தது. தாமஸ் ரோல் என்ற ஜெர்மானியர் இன்டெல் 386 கணினிகளுக்காக எழுதிய எக்ஸ் பரிமாறி (திரையை ஆளும் சர்வர் நிரல்), 1991இல் எக்ஸ் 11இன் ஐந்தாம் வெளியீட்டோடு சேர்ந்து வந்தது. அதைத் திருத்தக் கூடிய நால்வர் 1992இல் எக்ஸ்ஃபிரீ86 திட்டமானார்கள். அதே 1992இல், பிறந்து ஓராண்டுகூட ஆகாத லினக்ஸில் ஓரெஸ்ட் ஸ்போரோவ்ஸ்கி எக்ஸை ஓட்டிக் காட்டினார். வரைகலைக்காக லினக்ஸ் கர்னலில் எதுவும் எழுதவேண்டியிருக்கவில்லை. நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சாக்கெட் வசதிதான் வேண்டியிருந்தது, அதைச் சேர்த்தார்கள். ஒரு மாணவர் தொடங்கிய கர்னலுக்கு ஒரே ஆண்டில் கோடிகள் கொட்டி வளர்த்த விண்டோ அமைப்பு வந்து சேர்ந்ததென்றால், அது எந்தக் கர்னலையும் சேராததாக இருந்ததால்தான். 1993இல் பேட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேரில் பிளாப்பிகளே எழுத்து வரிசையில் பிரிந்திருந்தன: அடிப்படைக்கு ஏ, எக்ஸுக்கு எக்ஸ். இணைப்பு வேகமோ வட்டில் இடமோ இல்லாதவர் எக்ஸ் பிளாப்பிகளை இறக்காமலே இருந்துவிடலாம்; பிறகு ஒருநாள் சேர்த்துக்கொள்ளலாம்.

சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்வது எளிது. கணினியில் என்ன வரைகலை அட்டை, அதில் எவ்வளவு நினைவகம், மானிட்டர் எந்த அதிர்வெண்களைத் தாங்கும் என்பதையெல்லாம் ஒரு கோப்பில் கையால் எழுதிவைக்கவேண்டும். அதில் பலரைப் படுத்தியது மோட்லைன் என்ற ஒற்றை வரி. 640க்கு 480 என்ற சாதாரணத் திரைக்கு அந்த வரி 25.175 என்று தொடங்கும்; நொடிக்கு 2.5175 கோடி புள்ளி என்று பொருள். பிறகு 640, 656, 752, 800 என்று நான்கு எண். கண்ணுக்குத் தெரியும் புள்ளி 640தான்; 656இல் தொடங்கி 752இல் முடிவது மானிட்டருக்குச் சைகை, 800 வரை மிச்சம் எல்லாம் மின்னணுக் கற்றை ஒரு வரியை முடித்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம். அடுத்த 480, 490, 492, 525 இதே கணக்கை மேலிருந்து கீழே போடுகிறது. 2.5175 கோடியை 800ஆல் வகுத்தால் நொடிக்கு 31,469 வரி; அதை 525ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 60 முறை திரை புதுப்பிக்கப்படுகிறது. மானிட்டர் தாங்காத எண்ணைக் கொடுத்தால் அது பாழாகலாம் என்று கையேடுகள் எச்சரித்தன, பழைய நிலை-அதிர்வெண் மானிட்டர்களுக்கு அது வெற்று மிரட்டல் அல்ல. மானிட்டரே தன் விவரத்தைக் கணினிக்குச் சொல்லும் முறையை வீசா அமைப்பு 1994இல் வகுத்தது என்றாலும், அந்தக் கோப்பு இல்லாமலே எக்ஸ் எழும்பும் நிலை 2000களின் பிற்பகுதியில்தான் பரவலாயிற்று.

இங்கேதான் என் வாதத்துக்கு எதிரான வலுவான ஆட்சேபம் வருகிறது. எக்ஸ் உண்மையில் தனியாக இருந்ததா? கர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண நிரல் என்று பெயர். ஆனால் தனிக்கணினிகளில் அது ரூட் என்ற முழு அதிகாரத்தோடு ஓடி, கணினியின் நினைவகத்தையும் உள்ளீட்டு வாயில்களையும் நேரடியாகத் திறந்து, வரைகலை அட்டையைத் தானே ஆட்டிவைத்தது. வாடகைக்கு வந்த குடித்தனக்காரரிடம் வீட்டுச் சாவிக்கொத்து முழுவதும் இருந்ததைப் போன்ற நிலைமை. எழுத்துத் திரையைக் கர்னல் நடத்தும், படத் திரையை எக்ஸ் நடத்தும், அட்டை ஒன்றே ஒன்று. எக்ஸ் செத்தால் கர்னல் உயிரோடு இருக்கும், ஆனால் அதைச் சொல்லக் கர்னலுக்குத் திரை இருக்காது. பாதுகாப்பில் கறாரான ஓபன்பிஎஸ்டி, இந்த அணுகலைத் திறக்கத் தனியே ஒரு அமைப்புச் சாவியை வைத்தது. நிறுவல் நிரல் முன்கூட்டியே எக்ஸைப் பற்றிக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆட்சேபத்தை ஒத்துக்கொள்கிறேன்: பல கர்னல்களுக்குப் பொதுவாக இருக்கவேண்டும் என்பதால், எந்தக் கர்னலும் செய்யாத வேலையை எக்ஸே இழுத்துப் போட்டுக்கொண்டது. ஆனால் இந்தப் பிழை திருத்தப்பட்ட விதமும் கவனிக்கத்தக்கது. 2009இல் லினக்ஸின் 2.6.29 பதிப்பிலிருந்து திரையின் அளவையும் அதிர்வெண்ணையும் அமைக்கும் பொறுப்பு படிப்படியாகக் கர்னலுக்குப் போனது. வன்பொருளை ஆளும் துண்டு மட்டும்தான் உள்ளே போனது. விண்டோவும் மெனுவும் எழுத்துருவும் வெளியே இருந்தபடியே இருந்தன.

ஆப்பிளைக் காட்டி மடக்குபவர்களும் உண்டு. 2001இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் அடியில் யூனிக்ஸ் வழிவந்ததுதான். அதற்கு எக்ஸ் தேவைப்படவில்லை. ஒருமித்த, அழகான டெஸ்க்டாப்பைப் பிரிக்கமுடியாதபடி அதன்மேல் கட்டினார்கள். ஆகவே யூனிக்ஸில் வரைகலை தனியாக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. சரிதான். கர்னலும் திரையும் கணினியும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் சமரசத்துக்கு என்ன தேவை? நான் சொல்லிவருவதை இந்த உதாரணம் உறுதிதான் செய்கிறது. மைக்ரோசாஃப்டின் அனுபவம் இன்னும் சுவாரசியமானது. வேகத்துக்காக 1996இல் என்டி 4.0இல் வரைகலையைக் கர்னலுக்குள் கொண்டுபோனார்கள். 2008இல் அதே நிறுவனம் தன் சர்வர் பதிப்பில், டெஸ்க்டாப் இல்லாமல் கட்டளைச் சாளரத்தோடு மட்டும் நிறுவும் வழியைத் தந்தது. அறை முழுக்க அடுக்கிவைத்த, யாரும் முன்னால் உட்காராத கணினிகளுக்கு விண்டோ எதற்கு என்று வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். இன்று உலகின் சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. திரையைக் கழற்றிவைக்க முடிவதும் அவற்றில் ஒன்று.

எதிர்த்திசையிலிருந்தும் ஓர் ஆட்சேபம் உண்டு: எழுத்துத் திரையே போதும், டெஸ்க்டாப் வெறும் அலங்காரம், அதனால்தான் விருப்பத்துக்கு விட்டார்கள் என்பது. பழைய யூனிக்ஸ்காரர்களிடம் இந்த மிடுக்கு நிறைய. ஆங்கிலத்தில் வேலைசெய்பவருக்கு அது பொருந்தலாம். தமிழில் எழுத நினைப்பவருக்குப் பொருந்தாது. தனிக்கணினியின் எழுத்துத் திரையில் ஓர் எழுத்துக்குக் கிடைப்பது 8 அல்லது 9 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் கொண்ட ஒரு கட்டம். மொத்தம் 256 வடிவம், மிஞ்சிப்போனால் 512. ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலக் கட்டத்தில் அடங்குமா? அதோடு, ‘கொ’ என்று எழுத முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். யூனிகோடில் சேமிக்கப்படுவதோ மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. வந்த வரிசையிலேயே கட்டத்துக்கு ஒன்றாகப் பொறித்துக்கொண்டு போகும் முனையத்துக்கு இது புரியாது. 1990களின் பிற்பகுதியில் வந்த டிஸ்கி போன்ற 8-பிட் குறியீடுகள் கொம்பை முன்னாலேயே சேமித்து இந்தச் சிக்கலைச் சுற்றிப் போயின. எக்ஸின் ஆதி எழுத்துரு முறையும் இதே குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்ற கணக்குதான். 2000ஐ ஒட்டி கீத் பேக்கர்ட் செய்த ரெண்டர் நீட்சி, எழுத்து வடிவங்களை நிரலே தயாரித்து அனுப்ப வழிசெய்தது. எந்தக் குறிக்கு எந்த வடிவம், எது முன்னால் எது பின்னால் என்று தீர்மானிக்கும் வேலை பாங்கோ போன்ற நூலகங்களுக்குப் போனது. 2002 ஜூனில் வந்த க்னோம் 2.0 டெஸ்க்டாப் அதன்மேல் நின்றது. 1987இன் நெறிமுறையைப் பேசும் எக்ஸுக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பது கடைசிவரை தெரியவேண்டியிருக்கவில்லை. தெரியவேண்டியிருந்தால், அதைத் தெரிவிக்க எந்த நிறுவனத்தின் கதவைத் தட்டியிருப்போம்?

க்னோமும் அதற்கு முன்னால் 1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிக் அறிவித்த கேடிஈயும் எக்ஸ் விட்டுவைத்த வழக்கம் என்ற வெற்றிடத்தை நிரப்பின. அவையும் சேர்க்கையின்மேல் சேர்க்கைதான்; ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம். அவை வளர வளர எக்ஸுக்கு வேலை குறைந்தது. வன்பொருள் கர்னலுக்குப் போயிற்று, எழுத்து நூலகங்களுக்குப் போயிற்று, விண்டோக்களைக் குவித்துக் காட்டுவதை டெஸ்க்டாப்பே செய்யத் தொடங்கிற்று. நடுவில் நின்ற எக்ஸ் அங்குமிங்கும் செய்தி கடத்துவதோடு சரி. இதைக் கண்டுதான் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008இல் வேலேண்டைத் தொடங்கினார். 2025இல் வந்த ரெட்ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10இல் எக்ஸ் பரிமாறி தனியாக வருவதில்லை. பழைய நிரல்களுக்காக வேலேண்டுக்குள் ஓடும் எக்ஸ்வேலேண்ட் மட்டும் மிச்சம். தனியாக வைக்கும் சோதனை தோற்றதற்கு இது சாட்சி என்று சிலர் எழுதுகிறார்கள். வேலேண்டும் நிறுவனம் சாராத ஒரு நெறிமுறைதான், கர்னலுக்கு வெளியே ஓடுவதுதான், வேண்டாதவர் நிறுவாமல் விடக்கூடியதுதான். எக்ஸ் இருபது ஆண்டுக்கு மேல் கையில் வைத்திருந்த ரூட் அதிகாரமும் அதற்குத் தேவையில்லை. இழந்தது வேறொன்று: ஒரு கணினியில் ஓடும் நிரலின் விண்டோவை இன்னொரு கணினியின் திரையில் திறக்கும் வசதி அந்த நெறிமுறையில் இல்லை; வேண்டுமென்பவர்கள் அதற்கும் தனியாக ஒரு நிரலைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.